பாதி நினைவில் நிற்கும் பழைய தமிழ்ப் படங்கள்: காட்சியைச் சொல்லுங்கள், பெயரைத் தேடுவோம்

ரீல்பெட்டி:
பெயர் மறந்து, ஒரு காட்சியோ ஒரு முகமோ மட்டும் மனதில் தங்கிவிட்ட பழைய படங்களைத் தேடுபவர்களுக்காக இந்த இழை. சினிமாப் புதிர்களும் கேட்கலாம்.

கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதையைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொல்ல வேண்டியவை வேறு: கறுப்பு வெள்ளையா வண்ணமா, தியேட்டரிலா டிவியிலா, எந்த ஆண்டு வாக்கில் பார்த்தீர்கள், வாயசைப்பு வசனத்தோடு ஒட்டியதா, பாட்டு உண்டா, ஆண் குரலா பெண் குரலா, வீடு எப்படி இருந்தது, கையில் என்ன பொருள் இருந்தது. ஏனென்றால் கதை என்பது நாமே நிரப்பிக்கொள்ளும் பகுதி. பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932ல் வெளியிட்ட ஆய்வு நூலில், தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு கதையைப் படித்தவர்கள் திரும்பச் சொல்லும்போது தங்களுக்குப் பழகிய வடிவத்துக்கு அதை மாற்றிவிடுவதைக் காட்டியிருக்கிறார். சினிமாவிலும் இதுதான் நடக்கிறது. அண்ணன் தம்பியாகிவிடுவார், பழிவாங்கல் வந்து ஒட்டிக்கொள்ளும், முடிவு நமக்குப் பிடித்த மாதிரி திரும்பிவிடும். ஆனால் அந்த விசித்திரமான விளக்கோ, கதவோ, சிரிப்போ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பதில் சொல்பவர்களுக்கும் ஒன்று. படப்பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்தத் தடயம் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சேர்த்து எழுதுங்கள். மர்மப் படமாக இருந்தால் கொலையாளி யார் என்று எழுதவே வேண்டாம்.

கடைசிவரிசை:
முதல் கேள்வி என்னுடையது. வண்ணப் படம். டிவியில் பார்த்தேன். ஒருவன் ஐஸ்கட்டியில் கத்தி செய்து கொலை செய்யப் பார்ப்பான். ஒரு பெரிய ஹோட்டல் வரும். ஒரு வசனம்கூட நினைவில்லை.

மெல்லிசை64:
'பேசும் படம்', 1987. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமல்ஹாசன், அமலா. ஐஸ் கத்தியோடு அலைபவர் டினு ஆனந்த். வசனம் நினைவில்லை என்றீர்களே, அதுதான் பெரிய தடயம். படத்தில் வசனமே கிடையாது! கன்னடத்தில் 'புஷ்பக விமானா' என்ற பெயரில் வந்தது, அதனால் தேடும்போது 'புஷ்பக்' என்று வந்தாலும் அதே படம்தான்.

கடைசிவரிசை:
அதேதான். ஹோட்டல் அறையில் ஒருவரைக் கட்டிப் போட்டு வைத்திருப்பதும் இப்போது நினைவுக்கு வருகிறது. நன்றி.

சாரல்மழை:
எனக்கு ஒரு பேய்ப் படம் வேண்டும். அழகான பெண் வடிவில் இருக்கும் பேய், விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் நீட்டி எரியவிட்டுச் சமைக்கும். சின்ன வயதில் பார்த்துப் பயந்துபோய், மீதிப் படத்தைப் பார்க்கவே இல்லை. வண்ணம். உதட்டசைவு ஒட்டவில்லை என்று அப்போதே தோன்றியது.

கறுப்புவெள்ளை:
உதடு ஒட்டவில்லை என்று சேர்த்துச் சொன்னது நல்லது. 'ஜகன்மோகினி', 1978. விட்டலாச்சார்யா இயக்கிய தெலுங்குப் படம், தமிழில் டப் ஆகி வந்தது. நரசிம்மராஜு, ஜெயமாலினி. அந்த அடுப்புக் காட்சியைக் கேட்டு வராதவர்கள் குறைவு. தேடும்போது 2009ல் தமிழில் நமீதா நடித்த அதே பெயர் படமும் வரும், அதைத் திறந்துவிடாதீர்கள்.

விட்டலாச்சார்யா படங்கள் பலவற்றில் மாயாஜாலம், உருமாற்றம், பூதம், குகை எல்லாம் திரும்பத் திரும்ப வரும். பூதம் வந்தது என்று மட்டும் கேட்டால் எந்தப் படம் என்று சொல்வது ரொம்பக் கடினம். இந்த மாதிரி ஒரே ஒரு தனிக் காட்சி இருந்தால்தான் பிடிக்க முடியும்.

நிழல்தேடி:
என் அம்மாவுக்காகக் கேட்கிறேன். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்த படம். நிச்சயமாகக் கறுப்பு வெள்ளை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம், ஒருவர் செத்து விழுவார். போலீஸ் ஒவ்வொருவராக விசாரிக்கும். ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கும், அது கை மாறிக்கொண்டே போகும். ஒரு தீவு, அதில் பெரிய வீடு, சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது ஒவ்வொருவராகச் செத்துப்போவார்கள். படத்தில் பாட்டே கிடையாது. முடிவில் ஒருவர் திரையில் வந்து, படத்தில் வேலை செய்தவர்களை எல்லாம் நமக்கு அறிமுகம் செய்து வைப்பார்.

வீட்டில் எல்லோரும் இப்படி ஒரு படமே இருக்க முடியாது என்கிறார்கள். அவர் உறுதியாக நிற்கிறார். எனக்கு இதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று ரொம்ப ஆசை.

கடைசிவரிசை:
'அதே கண்கள்' ஆக இருக்குமோ? 1967, ஏவிஎம், ஏ.சி.திருலோகசந்தர் இயக்கம், ரவிச்சந்திரன், காஞ்சனா. பெரிய வீடு, வரிசையாகக் கொலைகள்.

மெல்லிசை64:
பெரிய வீடும் கொலைகளும் பொருந்துகின்றன. மற்றது எதுவும் பொருந்தவில்லை. அது வண்ணப் படம். வேதா இசையில் பாட்டுகள் அந்தப் படத்தின் பெரிய பலம், ஒரு முறை கேட்டவர்கள் பாட்டே இல்லை என்று சொல்லவே மாட்டார்கள்.

சாரல்மழை:
ஒவ்வொருவராகச் சாவது அகதா கிறிஸ்டி கதை. 'நாளை உனது நாள்', 1984, விஜயகாந்த் நடித்தது, அதிலும் அந்தக் கதைதான். இந்தியில் 'கும்நாம்', 1965.

நிழல்தேடி:
இரண்டும் வண்ணம் அல்லவா அக்கா? அம்மா திருமணத்துக்கு முன்பு பார்த்தது என்கிறார். 1984க்கு வாய்ப்பே இல்லை. இந்திப் படம் அப்போது பார்த்ததில்லையாம்.

கறுப்புவெள்ளை:
உங்கள் அம்மா சொன்னதில் ஒன்றுகூடப் பிசகு இல்லை. ஆனால் இது ஒரு படம் இல்லை, மூன்று படங்கள்.

துப்பாக்கிச் சத்தம், விசாரணை, பாட்டே கிடையாது: 'அந்த நாள்', 1954. ஏவிஎம் தயாரிப்பு. சிவாஜி கணேசன், பண்டரிபாய். எழுதியவரும் துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் ஜாவர் சீதாராமன். படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுவார். சென்னையில் 1943ல் ஜப்பானியர் குண்டு போட்டதற்கு அடுத்த நாள் நடக்கும் கதை. பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாத தமிழ்ப் படம் என்று புதிர்ப் போட்டிகளில் அடிக்கடி கேட்பார்களே, அதுதான்.

பொம்மைக்குள் வெடிகுண்டு: 'பொம்மை', 1964. பெயரிலேயே இருக்கிறது. முடிவில் ஒருவர் திரையில் வந்து படக்குழுவை அறிமுகப்படுத்துவதும் இந்தப் படத்தில்தான். ஆனால் இதில் பாட்டு உண்டு. 'நீயும் பொம்மை நானும் பொம்மை', ஜேசுதாஸ் பாடியது.

தீவு, வீடு, வரிசையாகச் சாவுகள்: 'நடு இரவில்'. மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி. எடுத்து முடித்துச் சில ஆண்டுகள் கழித்து 1970ல்தான் வெளிவந்தது. இதுவும் அகதா கிறிஸ்டி கதையைத் தழுவியதுதான், கறுப்பு வெள்ளை.

மூன்றையும் இயக்கியவர் ஒருவரே. வீணை எஸ்.பாலசந்தர். பின்னிரண்டில் அவரே நடித்தும் இருக்கிறார். பண்டரிபாயும் முதல் படத்திலும் மூன்றாவதிலும் இருக்கிறார். ஒரே மாதிரி இருட்டு, ஒரே மாதிரி பின்னணி இசை, தெரிந்த முகங்கள். மூன்றும் ஒரே படமாகச் சேர்ந்து நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். முடிவில் அறிமுகம் செய்பவரும், தீவு வீட்டில் வரும் டாக்டரும் ஒரே ஆள்தானா?

ரீல்பெட்டி:
இதைப் படித்து எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா! இந்த இழைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒவ்வொரு காட்சியும் சரி, தையல் போட்டுச் சேர்த்த இடம் மட்டும்தான் நினைவின் வேலை. தேடும்போது நாம் எல்லோரும் ஐந்து தடயமும் பொருந்தும் ஒரே படத்தைத் தேடுகிறோம். இரண்டு தடயம் முழுமையாகப் பொருந்தி, மூன்று கொஞ்சமும் பொருந்தாவிட்டால், அது தவறான விடை என்று தள்ளிவிடக் கூடாது. பாதி விடையாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் தனியாகத் தேட வேண்டும்.

நிழல்தேடி:
ஐயா, நேற்று இரவு அம்மாவுக்கு 'பொம்மை' படத்தின் கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். பாலசந்தர் வந்ததுமே, "இவர்தான், இவர்தான் அந்த டாக்டர்" என்றார். பிறகு 'அந்த நாள்' என்று சொன்னதும், சிவாஜி ஆரம்பத்திலேயே செத்துவிடுவார், அதனால் கூடவே வந்த பாட்டி ரொம்பக் கோபப்பட்டார் என்று புதிதாக ஒன்று சொன்னார். உங்கள் எல்லோருக்கும் அம்மாவின் நன்றி. இந்த வாரம் மூன்றையும் வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

புதிர்ப்பெட்டி:
அருமை. பாலசந்தர் பேச்சு வந்ததால் ஒரு புதிர். ஜேசுதாஸ் தமிழில் பாடிய முதல் பாட்டு எது?

சாரல்மழை:
மேலேயே இருக்கிறதே, 'நீயும் பொம்மை நானும் பொம்மை'.

மெல்லிசை64:
கேள்வியைச் சரியாகக் கேட்டால்தான் பதில் சரியாக வரும். முதலில் பாடியது என்றால் 'பொம்மை' பாட்டு. முதலில் வெளிவந்தது என்றால் 'கொஞ்சும் குமரி', 1963, வேதா இசை. பாடகர் அறிமுகம், நடிகர் அறிமுகம் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. முதலில் நடித்தது ஒன்றாகவும் முதலில் வெளியானது ஒன்றாகவும் இருக்கும். புதிர் போடுபவர் எதைக் கேட்கிறார் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

புதிர்ப்பெட்டி:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியே சில 'முதல்' கேள்விகளையும் போட்டுவிடுகிறேன். தமிழின் முதல் பேசும் படம்? முழு வண்ணப் படம்? சினிமாஸ்கோப்? 70 எம்எம்? முதல் பெண் இயக்குநர்? ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிய முதல் தமிழ்ப் படம்?

கறுப்புவெள்ளை:
பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31, எச்.எம்.ரெட்டி இயக்கம். முழு வண்ணம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, மாடர்ன் தியேட்டர்ஸ், கேவாகலர். சினிமாஸ்கோப் 'ராஜராஜ சோழன்', 1973. 70 எம்எம் 'மாவீரன்', 1986, ரஜினிகாந்த். ஆஸ்கருக்குப் போனது 'தெய்வ மகன்', 1969, சிவாஜிக்கு மூன்று வேடம். பெண் இயக்குநர் டி.பி.ராஜலட்சுமி, 'மிஸ் கமலா', 1936.

'காளிதாஸ்' கதாநாயகியும் ராஜலட்சுமிதான். அதில் அவர் தமிழ் பேசுவார், கதாநாயகன் தெலுங்கு பேசுவார். அதனால் முழுக்க முழுக்கத் தமிழ் பேசிய முதல் படம் என்று கேட்டால் 'காளிதாஸ்' விடை ஆகாது. 'முழு வண்ண' என்று கேட்டதும் நல்லது. சில காட்சிகள் மட்டும் வண்ணத்தில் இருந்த படங்கள் வேறு இருக்கின்றன.

கடைசிவரிசை:
'நாடோடி மன்னன்' அப்படித்தானே? ஒரு பாதி கறுப்பு வெள்ளை, மறு பாதி வண்ணம்.

கறுப்புவெள்ளை:
ஆமாம், 1958. எம்.ஜி.ஆர் இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தது. கதை தீவுக்குப் போனதும், சரோஜாதேவி வரும் பகுதியிலிருந்து வண்ணம். இதனால் நம் இழைக்கு ஒரு பயன் உண்டு. ஒரே படத்தைப் பற்றி அண்ணன் கறுப்பு வெள்ளை என்பார், தங்கை வண்ணம் என்பார், இரண்டு பேரும் சரியாகவே இருக்கக்கூடும். அப்படி ஒரு தகராறு வந்தால் இந்த மாதிரிப் படமா என்று முதலில் பாருங்கள். கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்த வண்ணப் படங்களும் நிறைய. 1970களின் படத்தை ஒருவர் கறுப்பு வெள்ளை என்று உறுதியாகச் சொன்னால், எந்த டிவியில் பார்த்தீர்கள் என்று நான் கேட்பேன்.

முத்துக்குளி:
'காளிதாஸ்' எங்கே பார்க்கலாம்? எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

ரீல்பெட்டி:
கிடைக்காது நண்பரே. பிரதி எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது. எளிதில் தீப்பிடிக்கும், சரியாக வைக்காவிட்டால் தானாகவே பொடிந்துபோகும். ஆர்.நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படமும் அப்படித்தான் போய்விட்டது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964ல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே பல படங்கள் அழிந்துவிட்டன. அங்கேயும் 2003ல் ஒரு தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்துபோயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். யாருக்கோ பாதி நினைவில் இருக்கும் ஒரு படம், அந்தப் பாதியைத் தவிர உலகத்தில் வேறெங்குமே இல்லாமல் இருக்கலாம்.

படம் போனாலும் பாட்டுப் புத்தகம் இருக்கும் படங்கள் உண்டு. தியேட்டரில் விற்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள். ஆட்கள் பெயரைச் சரிபார்க்க அதைவிட நல்ல ஆதாரம் குறைவு. யார் வீட்டிலாவது பழைய பாட்டுப் புத்தகங்கள் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள், இங்கே நூறு பேருக்குப் பயன்படும்.

புதிர்ப்பெட்டி:
பிலிம் நியூஸ் ஆனந்தனை இந்த இடத்தில் சொல்லாமல் விடக் கூடாது. தமிழ்ப் படங்கள் பற்றிய தகவல்களையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்தவரும் அவர்தான். 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற அவருடைய தொகுப்பு இல்லாவிட்டால் நாம் இன்று இவ்வளவு தைரியமாக ஆண்டும் பெயரும் சொல்ல முடியாது.

சாரல்மழை:
என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு சண்டை. 'மாயா பஜார்' படத்தில் அபிமன்யுவாக நடித்தது ஜெமினி கணேசன் என்கிறார் அப்பா. நாகேஸ்வரராவ் என்கிறார் சித்தப்பா. இருவருக்குமே ரங்காராவ் லட்டுகளை வாய்க்குள் பறக்கவிடும் 'கல்யாண சமையல் சாதம்' காட்சி நன்றாக நினைவிருக்கிறது. யார் சொல்வது சரி?

மெல்லிசை64:
இரண்டு பேரும். 1957ல் கே.வி.ரெட்டி அதைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி. சாவித்திரி, ரங்காராவ், கிருஷ்ணனாக வரும் என்.டி.ராமராவ் எல்லாம் இரண்டிலும் உண்டு. தமிழில் அந்தப் பாட்டைப் பாடியவர் திருச்சி லோகநாதன். சித்தப்பா தெலுங்குப் பதிப்பைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

சாரல்மழை:
அப்பாவிடம் சொன்னேன். சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டுவிட்டார்.

கடைசிவரிசை:
இன்னொன்று. வண்ணம், 1980 வாக்கில் வந்தது. பெண்களைக் கொல்லும் ஒருவன், பார்க்க அமைதியாக இருப்பான். தனியாக ஒரு பங்களா. கதாநாயகி அதில் மாட்டிக்கொள்வாள். இளையராஜா இசை.

கறுப்புவெள்ளை:
இரண்டு படத்தில் ஒன்று. கறுப்புப் பூனையும் ரோஜாத் தோட்டமும் நினைவுக்கு வருகிறதா, அல்லது கிடார் வாசித்துப் பாடுவது நினைவுக்கு வருகிறதா?

கடைசிவரிசை:
கிடார். பாட்டும் மெதுவாக, மலைப்பிரதேசம் மாதிரி.

கறுப்புவெள்ளை:
அப்படியானால் 'மூடுபனி', 1980, பாலுமகேந்திரா. பிரதாப் போத்தன். பாட்டு 'என் இனிய பொன் நிலாவே'. இளையராஜாவுக்கு நூறாவது படம், புதிர்க்காரர்கள் குறித்துக்கொள்ளலாம். பூனை என்று சொல்லியிருந்தால் 'சிகப்பு ரோஜாக்கள்', 1978, பாரதிராஜா, கமல், ஸ்ரீதேவி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கேட்பவர்கள் நிறையப் பேர். கதைச் சுருக்கத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பூனையும் கிடாரும்தான் பிரித்துக் காட்டும்.

முத்துக்குளி:
எனக்கு ஒன்று இருக்கிறது. தூர்தர்ஷனில், ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழே ஆங்கில எழுத்து ஓடியது. ஒரு பெண் ரொம்பக் கஷ்டப்பட்டு வீடு கட்டுவாள். ஒவ்வொரு தடையாக வரும். வயதான தாத்தா கட்டி முடியாத வீட்டைப் பார்க்கப் போவார். பாட்டு இல்லை. மொழி தமிழா மலையாளமா என்றுகூட இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மெல்லிசை64:
ஞாயிறு மதியம், ஆங்கில எழுத்து என்றால் தேசிய ஒளிபரப்பில் காட்டிய மாநில மொழிப் படம். அந்த நேரத்தில் வங்காளம், மலையாளம், கன்னடம், அசாமி என எல்லா மொழியும் வரும். அதனால் மொழி நினைவில்லாமல் போவது இயல்பு.

ஆனால் உங்கள் படம் தமிழ்தான். 'வீடு', 1988, பாலுமகேந்திரா. அர்ச்சனா, பானுசந்தர். தாத்தா சொக்கலிங்க பாகவதர். பாட்டு இல்லை, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைப் பின்னணிக்கு எடுத்துக்கொண்டார்கள். தாத்தா குடையோடு அந்த வீட்டுக்குள் நடந்து சுவரைத் தொட்டுப் பார்க்கும் காட்சிக்காகவே திரும்பப் பாருங்கள். தமிழில் அதற்கு இணையான காட்சிகள் ரொம்பக் குறைவு என்பது என் கருத்து.

முத்துக்குளி:
அதேதான்! பல வருடமாக மலையாளத்தில் தேடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.

புதிர்ப்பெட்டி:
பெயர் கிடைத்தபின் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டைச் சேர்த்தே தேடுங்கள். 'பொம்மை' 1964லும் உண்டு, 2023லும் உண்டு. 'அதே கண்கள்' 1967, 2017. 'உன்னைப்போல் ஒருவன்' 1965ல் ஜெயகாந்தன் இயக்கியது, 2009ல் கமல் நடித்தது, கதைக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. 'அபூர்வ சகோதரர்கள்' 1949ல் ஜெமினி எடுத்தது, எம்.கே.ராதா இரட்டை வேடம். 1989 படம் வேறு. 'உத்தம புத்திரன்' மூன்று: 1940ல் பி.யு.சின்னப்பா, 1958ல் சிவாஜி, 2010ல் தனுஷ். முதல் இரண்டும் ஒரே கதை, மூன்றாவது முற்றிலும் வேறு.

நிழல்தேடி:
அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது, இன்னொன்று கேட்கச் சொல்கிறார். கறுப்பு வெள்ளை, மறுபிறவிக் கதை. பாழடைந்த வீட்டுக்கு ஒரு வாலிபன் போவான், அவனுக்கு முன்பிறவி நினைவு வரும். நூறு வயதைத் தாண்டிய ஒரு கிழவர் வருவார், அவரைப் பார்த்தாலே நடுங்கும். இந்த முறை ஒரே படம்தான் என்று அடித்துச் சொல்கிறார்.

ரீல்பெட்டி:
ஒரே படம்தான். 'நெஞ்சம் மறப்பதில்லை', 1963, ஸ்ரீதர் இயக்கம், கல்யாண்குமார், தேவிகா. அந்தக் கிழவர் எம்.என்.நம்பியார். இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. அம்மா அந்தத் தலைப்புப் பாட்டை நிச்சயம் முணுமுணுத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

நிழல்தேடி:
கேட்டேன் அண்ணா. முழுப் பாட்டும் தெரிகிறது, அது இந்தப் படத்தில் வருவது என்று மட்டும் தெரியவில்லையாம். வானொலியில் கேட்டுப் பழகிய பாட்டு என்கிறார்.

மெல்லிசை64:
இது ரொம்பப் பேருக்கு நடக்கிறது. வானொலியில் கேட்ட பாட்டு ஒரு பக்கம், தியேட்டரில் பார்த்த படம் ஒரு பக்கம், இரண்டும் மனதில் சேர்வதே இல்லை. 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு நேர்மாறு: பாட்டுக் காட்சி முழுதாக நினைவிருக்கும், படம் தெரியாது. அதனால் படத்தைத் தேடும்போது, சம்பந்தமே இல்லை என்று நீங்கள் நினைக்கும் பாட்டையும் எழுதிவிடுங்கள்.

சாரல்மழை:
ஒரு கடினமான கேள்வி, என் தோழிக்காக. வண்ணம், 1980களில் டிவியில் பார்த்தது. கண் தெரியாத அக்கா, பத்து வயதுத் தம்பி, ஆற்றங்கரையில் ஓட்டு வீடு. அக்காவுக்கு வரும் கடிதங்களைத் தம்பிதான் படித்துக் காட்டுவான், ஆனால் எழுதியிருப்பதை மாற்றிப் படிப்பான். ஒரே ஒரு பாட்டு, பெண் குரல். தெரிந்த நடிகர் யாரும் இல்லை.

கடைசிவரிசை:
கண் தெரியாதது என்றதும் 'ராஜபார்வை', 1981.

சாரல்மழை:
அதில் பார்வை இல்லாதவர் கமல் அல்லவா? இது பெண், உறுதி. வீணையோ வயலினோ எதுவும் இல்லை.

கறுப்புவெள்ளை:
கடிதத்தை மாற்றிப் படிக்கும் தம்பி என்பது நல்ல தனித் தடயம், ஆனால் அது கதைப் பகுதி. ஒரு சிறுகதையில் படித்தது படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. கீழே ஆங்கில எழுத்து ஓடியதா என்று தோழியிடம் கேளுங்கள். ஓடியிருந்தால் தமிழ்ப் படமாகவே இருக்க வேண்டியதில்லை, ஆறும் ஓட்டு வீடும் கேரளமாகக்கூட இருக்கலாம். தம்பி பள்ளிக்குப் போகும்போது என்ன உடை, கடிதம் படிக்கும்போது எந்த மொழி எழுத்து திரையில் தெரிந்தது, இதையும் கேட்டு எழுதுங்கள்.

சாரல்மழை:
கேட்டுவிட்டேன். ஆங்கில எழுத்து ஓடியதாம். கடிதத்தை அருகில் காட்டும்போது எழுத்து உருண்டையாக இருந்ததாம், ஆனால் அவளால் படிக்க முடியவில்லையாம். அப்போது அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்.

கறுப்புவெள்ளை:
அப்படியென்றால் தமிழ் இல்லை. வங்காளமும் இல்லை, அதில் எழுத்துக்கு மேலே கோடு இழுத்திருக்கும். மலையாளம், கன்னடம், தெலுங்கு, ஒடியா நான்கில் ஒன்று. இதை மலையாளப் படங்கள் தெரிந்த நண்பர்களிடம் முதலில் காட்டுகிறேன். இங்கே யாருக்காவது கன்னட, ஒடியாப் படங்களில் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் தேடுங்கள்.

ரீல்பெட்டி:
இந்த ஒரு கேள்வி மட்டும் திறந்திருக்கிறது. பெண் பார்வையற்றவர், தம்பி, ஆறு, மாற்றிப் படிக்கும் கடிதம், 1980களின் ஞாயிறு மதியம், நான்கு மொழிகளில் ஒன்று. புதிதாக வருபவர்கள் இதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்கள் கேள்வியைப் போடுங்கள்.